புதையல் நாவலும் ஒரு சின்னக் காப்பும்: கனபேர் கை பட்ட பிறகு

வவுனியாவில் இருக்கும் சிநேகிதி கேட்டிருந்தாள்: விலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள், அந்தப் புதையல் நாவலை வாங்கலாமா என்று. அட்டையில் ஒரு பெண் அரிக்கன் லாம்போடு கிணற்றடியில் நிற்பாளே, அதேதான். கதை எல்லாருக்கும் தெரியும். பூர்விக வீடு, தாத்தா விட்டுப்போன ஓலை, கிணற்றுக்குள் ஒரு அறை, நல்லவனா கெட்டவனா என்று கடைசிவரை சொல்லாமல் இழுத்தடிக்கிற ஒருத்தன். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் கடையில் போட்டோக் கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இரவல் கொடுக்கிற புத்தகத் தட்டு ஒன்று இருக்கிறது. அந்தத் தட்டில் ஒரு கிழமைக்கு மேல் தங்காத புத்தகம் இதுதான். விசுவமடு, தர்மபுரம், உடையார்கட்டு என்று போய்வந்து, அட்டை கழன்று, போன மாதம்தான் கிளிநொச்சியில் கொடுத்துத் தைத்து எடுத்தேன். அதனால் எனக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பைண்டிங். முதுகில் வெறும் பசைதான், நூல் கிடையாது. எங்கள் சித்திரை வெயிலுக்குப் பசை காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, பிறகு தாள் தாளாகக் கையோடு வருகிறது. பள்ளிக்கூட இடாப்புகள் கட்டுகிற ஒரு ஐயாதான் ஊசியால் துளைபோட்டுத் தைத்துத் தந்தார். உள் ஓரத்தில் இடம் விடாமல் அச்சடித்திருப்பதால், இப்போது இடப்பக்கத்தில் வரிகளின் கடைசி எழுத்தும் வலப்பக்கத்தில் முதல் எழுத்தும் தையலுக்குள் போய்விட்டன. விரித்துப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். இந்த விலைக்கு விற்ற புத்தகத்துக்கு நாலு முழம் நூல் செலவழிக்க மனம் வரவில்லையாக்கும்.

ஆனால் அந்தப் பசையால் ஒரு வேடிக்கையும் நடந்தது. வாசித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கட்சிக்கு நாயகன் தங்கம். மற்றக் கட்சிக்கு அவன் படுகள்ளன், அந்தப் பெண்ணுக்கு மூளையே இல்லை. ஒரே புத்தகத்தை வாசித்துவிட்டு இப்படிச் சண்டை பிடிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தைக்கக் கொடுக்கும்போதுதான் பக்கங்களை எண்ணிப் பார்த்தேன், நடுவில் ஒரு தாள் இல்லை. அவன் ஏன் அவளுடைய பெட்டியைத் திறந்தான், யாருக்குப் பயந்து பொய் சொன்னான் என்று தானே சொல்கிற இடம் அந்தத் தாளில்தான் வருகிறது. தாள் விழுவதற்கு முன் வாசித்தவர்கள் அவனை மன்னித்திருக்கிறார்கள், விழுந்த பிறகு வாசித்தவர்கள் கடைசிவரை சந்தேகத்தோடேயே இருந்திருக்கிறார்கள்.

தாள் தையல்கடை அக்காவின் அளவுக் கொப்பிக்குள் இருந்தது. "கீழ விழுந்து கிடந்தது, எடுத்து வைச்சனான். நல்லா எழுதியிருக்கிறான் என்ன?" என்றார். திருப்பித் தர நினைத்தவர் மாதிரித் தெரியவில்லை. போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்துத்தான் அசலை வாங்கினேன்.

தாள் கிடைத்த பிறகு மறுகட்சிக்காரர் சிலருக்குத் திரும்ப வாசிக்கக் கொடுத்தேன். கம்பஸில் படிக்கிற என் பெறாமகள் அசையவேயில்லை. "காரணம் சொன்னால் சரியா? பெட்டி அவளுடையது, கேட்டுவிட்டுத் திறந்திருக்கலாம்" என்றாள். தாள் இல்லாத நாவல்தான் நல்ல நாவல் என்பது அவள் கட்சி. அவன் யோக்கியன் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டால் பிறகு கிணற்றுக்குள் அவனோடு இறங்குவதில் என்ன பயம் இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதிலும் ஞாயம் உண்டு. எழுதினவர் செய்யாமல் விட்ட வேலையைப் பசை செய்திருக்கிறது.

ஓலையிலுள்ள புதிர் ஒரு சதத்துக்கும் பெறாது. தமிழ் எண்களில் ௰ என்றால் பத்து, ௱ என்றால் நூறு. அதைக் கண்டுபிடிக்க நாயகிக்கு இரண்டு அத்தியாயம் தேவைப்படுகிறது. பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெடியன் கோயில் கலண்டரைப் பார்த்து ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டான்.

ஒரு குடம் பொன் என்பதே சுத்தப் புளுகு என்று சொன்னவர்களும் உண்டு. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். திருவானைக்காவல் கோயிலில் 2020இல் நிலத்தைத் தோண்டியபோது ஒரு பாத்திரத்துக்குள் 505 பொற்காசுகள் இருந்தன. தமிழ்நாட்டில் நடக்கிற கதையில் அது நடக்கக்கூடியதுதான். கிணற்று அத்தியாயங்கள் எழுதப்பட்டிருக்கும் விதத்துக்கும் குறை சொல்ல முடியாது. கயிறு ஈரத்தில் ஊறி நீள்கிறதும், மேலே நிற்பவன் பிடியை விடுவானா என்று அவள் அண்ணாந்து பார்க்கிறதும், நான் எத்தனை தரம் வாசித்தாலும் கை வியர்க்கிறது. இரவில் கடையைப் பூட்டாமல் இருந்து வாசித்திருக்கிறேன்.

என் எரிச்சல் வேறு. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் குடத்தைத் திறக்கிறார்கள். காசுகள், அட்டியல், ஒட்டியாணம் என்று வரிசையாக வருகிறது. அதற்குள் ஒரு வரி: குழந்தையின் கைக்காப்பு ஒரு சோடி. நாயகி அதை எடுத்து "எவ்வளவு அழகு" என்கிறாள், கீழே வைக்கிறாள். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் வில்லன் வந்துவிடுகிறான்.

முன்வளவு மாமி இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தந்த அன்று கேட்டது ஒன்றே ஒன்று. "உது ஆர் தாட்டது எண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லையே பிள்ளை?"

ராசா காலத்துப் புதையலாம் என்றேன்.

"ராசா என்னத்துக்குப் பிள்ளையின்ர காப்பைத் தாட்டு வைக்கிறான்? அது ஆரோ ஒரு பொம்பிளை, அவசரத்தில இருக்கிறதெல்லாத்தையும் அள்ளிப் போட்டுத் தாட்டது."

மாமிக்கு இது தெரியும். 2009 தொடக்கத்தில், கடைசிப் போர் நேரம், விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது, தன் காப்புகளையும் பிள்ளைகளின் சங்கிலியையும் சொப்பின் பையில் சுற்றி, மா ரின்னுக்குள் போட்டு, கிணற்றடி முருங்கைக்குக் கீழே தாட்டுவிட்டுப் போனவர். அந்த நேரம் இங்கே எல்லாரும் எதையாவது தாட்டார்கள். தையல் மெஷின், தண்ணீர் பம்பி, காணி உறுதி, கல்யாண அல்பம். சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு வட்டுவாகல் பாலம், பிறகு முகாம். திரும்பி வந்து பார்த்தால் முருங்கையும் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை, வளவை ஏதோ ஒரு மெஷின் தட்டையாக உழுதுவிட்டுப் போயிருந்தது. கிண்டிப் பார்க்காத இடமில்லை. யாராவது எடுத்தார்களா, மண்ணுக்குள்தான் இருக்கிறதா, தெரியாது.

இப்படி ஒருத்தர் வாசிக்கும்போது அந்தக் காப்பு ஒரு வரியோடு போகலாமா? ஒரு நல்ல துப்பை எழுதினவர் தன் கையாலேயே குடத்துக்குள் போட்டுவிட்டு அதைக் கவனிக்கவேயில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கே, எப்படி, யார் முந்துவது என்று முந்நூறு பக்கத்துக்கு மேல் கேட்டாயிற்று. யாருடையது என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கட்டாயம் அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் என் தட்டின் நிரந்தர வாசகர், காதல் பக்கங்களை விரலை நனைத்து வேகமாகத் தட்டிவிட்டுப் போகிறவர். அவர்தான் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாவுக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். கலெக்டர் உரிமை கோருவோர் வரலாம் என்று அறிவித்தல் போட்டு, நாலு மாதத்துக்குக் குறையாமல் தவணை கொடுக்க வேண்டும். பிறகு விசாரிக்க வேண்டியவற்றில் ஒன்று, முடிந்தவரையில், அதை யார் எந்தச் சூழ்நிலையில் மறைத்து வைத்தார் என்பது. 100 வருசத்துக்குள் மறைத்தது என்று நம்ப இடமிருந்தால், உரிமை கோரி வந்தவர் வழக்குப் போட அவகாசமும் உண்டு. நாவலில் ஒரு மாலை மரியாதையோடு குடம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது, மறுநாள் நிச்சயதார்த்தம். "நாலு மாசம் பொறுக்கேலாதாமோ கலியாணத்துக்கு?" என்று ஐயா கேட்டார். அந்த நாலு மாதத்தில் கைத்தடியோடு ஒரு கிழவி வந்து கலெக்டர் கந்தோர் வாசலில் நின்றிருந்தால் எப்படிப்பட்ட அத்தியாயம் கிடைத்திருக்கும்!

இலங்கை என்றால் கதையே நடக்காது, அது வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசின் சொத்து, அனுமதியில்லாமல் தோண்டினால் குற்றம். பூசைச் சாமானோடும் ஸ்கானரோடும் பிடிபட்டவர்களின் படம் பேப்பரில் அடிக்கடி வருகிறது. முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கம் நீதிமன்ற அனுமதி எடுத்து, பொலிசும் அதிரடிப்படையும் சுற்றி நிற்க, பெக்கோவால் பள்ளம் தோண்டியதையும் எங்கள் சனம் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறது. எல்லாம் புலிகளின் தங்கமாம். புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் நகை அடகு வைத்த துண்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2025 மே மாதத்தில் போர்க்காலத்தில் எடுத்துத் தன்னிடம் வைத்திருந்த நகைகளை இராணுவம் பொலிசிடம் கையளித்த செய்தி வந்த நாளில், என் கடைக்கு வந்தவர்களெல்லாம் கதைத்தது அதைத்தான். அது ஆருடைய நகை, எப்படி அடையாளம் பிடிப்பார்கள் என்று. இந்த ஊரில் தங்கம் என்றவுடன் வாயில் வருகிற முதல் கேள்வி அது. அந்தக் கேள்வியே இல்லாத ஒரு நாவலை இதே சனம் அடிபட்டு வாசிக்கிறது என்பதையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்வந்த தங்கச்சி ஒருத்தியின் விமர்சனத்தையும் சொல்ல வேண்டும். அவள் சிரித்தது நாவலில் இருட்டில் மண்வெட்டி போடுகிற இடத்துக்கு. டிடெக்டர் கத்தியவுடன் நாயகன் அந்த இடத்திலேயே ஓங்கிக் கொத்துகிறான். "அண்ணை உயிரோட இருக்கிறதே பெரிய சஸ்பென்ஸ்" என்றாள். டிடெக்டர் ஆணிக்கும் கத்தும், கோதுக்கும் கத்தும், செல் துண்டுக்கும் கத்தும். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் சத்தம் வந்த இடத்துக்குத் தள்ளியிருந்து, பக்கவாட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கிக்கொண்டு போவார்களாம். ஒரு நாள் முழுக்க வேலை செய்து கடைசியில் ஒரு போத்தல் மூடி. தமிழ்நாட்டு மண்ணில் மிதிவெடி இல்லை, அதனால் அதை நாவலின் பிழை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அவளுக்குப் பிறகு அந்த அத்தியாயத்தை என்னால் பயப்படாமல் வாசிக்க முடியவில்லை. அந்தப் பயத்துக்கும் எழுதினவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தையல்கடை அக்காவுக்கு என் எரிச்சல் பிடிக்கவில்லை. "நாள் முழுக்கப் பழசையே கிண்டிக்கொண்டிருக்கிறம். ஒரு புத்தகத்தில எண்டாலும் தோண்டினா நல்லது வரட்டுமே" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் காதலுக்காக வாசிக்கிறார், காதல் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் முறை இருவரும் கோபித்துக்கொண்டு பேசாமல் ஒரே பஸ்ஸில் போகிற பத்துப் பக்கம் போதும், மற்றதெல்லாம் மேலதிகம். மாமியும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித்தான் போனார். குடத்தைத் திறக்கிற பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு கிடக்கிறது, அவர்தான் போட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

சரி, வாங்கலாமா என்று கேட்டாய். இவ்வளவு பேர் கை மாறின புத்தகத்தை வாங்காதே என்று சொல்வது அநியாயமாகத்தான் இருக்கும். ஆனாலும் வாங்காதே. பாதி விலைக்கும் வேண்டாம். நேற்றுத் திரும்பவும் அந்த வரியை வாசித்தேன், "எவ்வளவு அழகு" என்று சொல்லிக் காப்பைக் கீழே வைக்கிறாள், எனக்குத் திரும்பவும் கோபம் வந்தது. ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் கிணற்றுக்கு. கட்டாயம் வாசிக்க வேண்டும் என்றால் என் பிரதியைத் தருகிறேன், தையல் போட்டது, தாள் முழுக்க இருக்கிறது. ஆனால் இப்போது அது உடையார்கட்டில் ஒரு வீட்டில் நிற்கிறது, அதற்குப் பின்னாலும் ஆட்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆடிக்குப் பிறகு கேள்.