வாசிக்க மறுத்த ஹார்ட் டிஸ்க்: நேரடியாக மீட்பதா, நகலெடுத்துவிட்டு மீட்பதா?

இலங்கை மலையகத்தின் தலவாக்கலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பெரியவர்கள் பெட்டிக்குள் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய தாள்களை ஆறு ஆண்டுகளாக ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறேன். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போனவர்கள் அங்கிருந்து எழுதிய கடிதங்கள், பிரஜாவுரிமை விண்ணப்பங்களின் பிரதிகள், மாசி மாதக் காமன்கூத்தின் வீடியோக்கள் எல்லாம் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. வேறு பிரதி இல்லை. சென்ற ஐப்பசியில் இடி மின்னலோடு மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு மாலைக்குப் பிறகு அதைச் செருகினேன். பயன்படுத்துவதற்கு முன் ஃபோர்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. விண்டோஸ் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைமையான என்டிஎஃப்எஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ரோ’ (RAW) என்று காட்டியது, அதாவது எந்த முறைமை என்றே அதற்குத் தெரியவில்லை.

ஹட்டனில் ஒரு கடையில் காட்டினேன். “முதலில் ஃபோர்மட் செய்வோம் சேர், பிறகு மென்பொருள் போட்டு எடுத்துத் தருகிறேன்” என்றார் அங்கிருந்த தம்பி. அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார், ஆனால் வரிசை தலைகீழ். எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதைக் குறித்திருப்பது கோப்பு அட்டவணை. விரைவு ஃபோர்மட் புதிய அட்டவணையை எழுதும்போது பழைய அட்டவணையின் ஒரு பகுதி அதனடியில் அழிந்துபோகும். முழு ஃபோர்மட் இன்னும் மோசம். விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதல் அது டிஸ்க் முழுவதும் பூச்சியத்தை எழுதிவிடும். அதன்பின் எந்த மென்பொருளாலும் பயனில்லை. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விண்டோஸிலேயே உள்ள, டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் ‘செக்டிஸ்க்’கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ரோ’ என்று காட்டும் டிஸ்க்கில் அது இயங்காது. இயங்கும் நிலையிலும் அது பழுதான டிஸ்க்கின் மேலேயே திருத்தி எழுதும். அதன் அக்கறை கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்துவதில் இருக்கிறது, நம் கடிதங்களைக் காப்பதில் இல்லை.

உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கிடையில்தான். ஒன்று, ‘போட்டோரெக்’ போன்ற இலவச மீட்பு மென்பொருளைப் பழுதான டிஸ்க்கின் மீது நேரடியாக ஓட்டுவது. மற்றது, லினக்ஸில் ‘டிடிரெஸ்கியூ’ கொண்டு டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு பிம்பமாக, அதாவது ஒரே பெரிய கோப்பாக, நகலெடுத்து, மீட்பு வேலை அனைத்தையும் அந்த நகலில் செய்வது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இனியும் அதையே தேர்வேன்.

போட்டோரெக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. அது டிஸ்க்கில் எதையும் எழுதாது. கோப்பு அட்டவணையே இல்லாமற் போனாலும், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தை வைத்துத் தேடி எடுத்துவிடும். தொலைபேசியில் எடுத்த படங்களை மட்டும் இழந்தவருக்கு அதுவே போதும். ஆனால் பெயர்களும் கோப்புறைகளும் திரும்பி வரமாட்டா. எல்லாமே எண்களாக வரும். ‘இந்தக் கடிதம் எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்), யார் வீட்டில் கிடைத்தது’ என்பதை நான் கோப்புறையின் பெயரில்தான் எழுதியிருந்தேன். அந்தப் பெயர் போனால் கடிதத்தின் பாதி போனது போல. துண்டு துண்டாகப் பதிந்திருக்கும் நீண்ட வீடியோக்களும் பல சமயம் முழுதாக வருவதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எல்லாவற்றையும்விட வேறொன்று: நோயுற்ற டிஸ்க்கை எத்தனை முறை வாசிக்க வேண்டியிருக்கிறது என்பது. நேரடி வழியில் ஒரு மென்பொருள் சரிவராவிட்டால் அடுத்தது, அமைப்பை மாற்றி இன்னொரு முறை என்று ஒவ்வொரு முயற்சிக்கும் அதே டிஸ்க் முழுதாகச் சுழல வேண்டும். கெட்ட இடத்தில் முட்டி மோதி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மிச்சமிருக்கும் ஆயுளிலிருந்து கழிகிறது. டிடிரெஸ்கியூ அப்படியில்லை. இலகுவாக வாசிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். பழுதான இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் திரும்பி வந்து அவற்றோடு போராடும். டிஸ்க் நடுவழியில் செத்துப்போனாலும் பெரும்பகுதி அதற்குள் கைக்கு வந்திருக்கும்.

மலையகத்தில் இருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. எது எடுக்கப்பட்டது, எது மிச்சம் என்பதை டிடிரெஸ்கியூ ஒரு சிறிய வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே வரும். என் பழைய லப்டொப்பின் பற்றரி எப்போதோ போய்விட்டது. நகலெடுத்த மூன்று நாட்களில் நான்கு முறை மின்சாரம் நின்றது. ஒவ்வொரு முறையும் அதே கட்டளையை, அதே வரைபடக் கோப்போடு கொடுத்தபோது விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. போட்டோரெக்கும் விட்ட இடத்தை நினைவில் வைக்கும்தான். ஆனால் அது தொடர்வது ஒரு தேடலை மட்டுமே. இங்கே சேர்ந்துகொண்டிருந்தது டிஸ்க் முழுவதும்.

இந்த வழிக்குப் பொறுமையும் செலவும் வேண்டும். பழைய டிஸ்க்கின் அளவுக்குக் குறையாத இடம் தேவை என்பதால் புதிதாக 2 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். அது ஃபேட்32 முறையில் இருக்கக் கூடாது. அதில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு நிற்காது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் வெற்று டிஸ்க் பழைய டிஸ்க்கின் மேல் நகலாகிவிடும். மின்சாரம் போய் மீண்டும் தொடங்கும்போது டிஸ்க்குகளின் அடையாள எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கட்டளை கொடுத்தேன்.

முதல் சுற்றிலேயே மிகச் சிறு பகுதி தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. பிறகு, கெட்டுப்போன கோப்பு முறைமையைச் சீராக்கும் ‘டெஸ்ட்டிஸ்க்’கை நகலின் மேல் ஓட்டினேன். போட்டோரெக்கை எழுதிய கிறிஸ்டோஃப் கிரெனியேவின் மென்பொருள்தான் அதுவும். டிஸ்க்கை எப்படி வாசிப்பது என்று சொல்லும் தன் தொடக்கப் பிரிவின் பிரதி ஒன்றை, கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதியின் கடைசியில் என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும். முன்னால் இருந்தது கெட்டிருந்தது, பின்னால் இருந்தது நன்றாக இருந்தது. அதை எடுத்து முன்னால் எழுதச் சொன்னதும் கோப்புறைகள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொரு தோட்டத்தின் பெயரோடும். இதைப் பழுதான டிஸ்க்கிலேயே செய்திருந்தால், தவறிப்போனால் திரும்ப வழியில்லாத எழுத்தாக அது இருந்திருக்கும். நகல் என்பதால் கை நடுங்காமல் செய்தேன்.

கொழும்பில் உள்ள மீட்பு ஆய்வகங்களிடம் நான் டிஸ்க் கொடுத்ததில்லை. ஆகவே அவர்களின் வேலையையோ கட்டணத்தையோ எடைபோட மாட்டேன். ஆனால் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று அடித்தாலோ சுழலவே மறுத்தாலோ மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உடனே இணைப்பைக் கழற்றிவிட்டு, தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யக்கூடியவர்களிடம் கொண்டுபோங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் படியும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகைகளில் எனக்கு அனுபவம் குறைவு. அழித்த கோப்புகளின் இடத்தை அவை தாமாகவே துடைத்துவிடுவதால், அவற்றில் இதே பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இரண்டு இடங்களில் பதிந்த பிறகுதான் பழைய டிஸ்க்கை முழு ஃபோர்மட் செய்தேன். முடிந்ததும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். கெட்டுப்போனதால் இடம் மாற்றப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியிருந்தது. அதில் இனிக் கடிதங்கள் ஏறாது. இரண்டாவது பிரதி இப்போது பதுளையில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது.