ஆத்தங்குடிக் கல்லா, விட்ரிஃபைட் டைலா?

சென்னையில் புது வீட்டுக்குத் தரை போடுகையில் எழும் கேள்வி இது. விட்ரிஃபைட் டைல் 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் சுடப்படுவதால், 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். மஞ்சள் சிந்தினாலும் துடைத்தால் போய்விடும். சமையலறைக்கு அதுவே போதும்.

கூடத்துக்கு நான் ஆத்தங்குடியையே சொல்வேன். சிவகங்கை மாவட்டத்து அந்த ஊரில், கண்ணாடிமேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் நிதானமாக ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமென்ட்டும் நிரப்பி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிறார்கள்; பளபளப்பு அந்தக் கண்ணாடி தருவது. எலுமிச்சைச் சாறு பட்டால் கறை விழும், உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெய் சில துளி விட்டுத் துடைத்துவந்தால், நடக்க நடக்க மெருகு ஏறும். கத்திரி வெயில் மத்தியானத்திலும் வெறுந்தரையில் தலை சாய்க்கலாம்.