எல்.இ.டி. பல்பு: சிக்கன வீட்டில் முதலில் எங்கே மாட்டுவது?

அளவான வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் செலவைக் குறைக்க நினைத்தால், பெரும்பாலும் முதலில் சாப்பாட்டில்தான் கை வைக்கிறார்கள். அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். வீட்டில் யாருடைய வயிற்றையும் வசதியையும் குறைக்காமல் மாதாமாதம் மிச்சம் பிடித்துத் தரும் பொருளாக, 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 800 லூமென் வெளிச்சம் தருகிறது, தரமான எல்.இ.டி. பல்பு அதே வெளிச்சத்தை 9 வாட்டிலேயே தந்துவிடுகிறது. குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாக மாறாமல், மிகப் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாவதுதான் இதற்குக் காரணம். ஒரு விளக்கு நாளுக்கு 5 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் குண்டு பல்புக்கு 9 யூனிட் ஆகும், எல்.இ.டி. பல்புக்கு 1.35 யூனிட்தான்.

ஆனால் இந்தக் கணக்கு நெடுநேரம் எரியும் விளக்குக்கு மட்டுமே பொருந்தும். நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் எரியும் குளியலறை விளக்கை மாற்றினால் மாதத்துக்குக் கால் யூனிட் மிஞ்சும், அவ்வளவுதான். ஆகவே கையில் பணம் குறைவாக இருக்கும்போது, மலிவாகக் கிடைக்கிறதே என்று பல்புகளை மொத்தமாக அள்ளி வராமல், அதிக நேரம் எரியும் இடத்துக்கு நல்லதாக ஒன்றை வாங்குவதே சரியான வழி. ஏற்கெனவே 14 வாட் சி.எஃப்.எல். எரிகிற இடத்தில் அவசரமே இல்லை. அது ஃபியூஸ் ஆகும் வரை காத்திருக்கலாம்.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் வாட்டை மட்டும் பார்க்காமல் லூமென் எவ்வளவு என்றும் பாருங்கள். லூமெனையே அச்சிடாத பல்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன், ஏனென்றால் நாம் காசு கொடுப்பது வெளிச்சத்துக்குத்தான். எரிய விட்டு, செல்போன் கேமராவை அதன் அருகே நீட்டிப் பாருங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்தப் பல்பில் மினுக்கல் அதிகம், படிக்கும் மேசைக்கு அது ஆகாது.

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வெளிச்சம் எழுபது சதவீதமாகக் குறையும் வரையிலான காலத்தையே பொதுவாக ஆயுள் என்று கணக்கிடுகிறார்கள்; நடைமுறையிலோ, பல்பின் கழுத்துப் பகுதியில் இருக்கும் மின்சுற்று பெரும்பாலும் அதற்கு முன்பே வெப்பத்தால் பழுதாகிவிடுகிறது. எரிந்துகொண்டிருக்கும் பல்பை அணைத்துவிட்டு அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் சூடு நன்றாகத் தெரியும். காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் இந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் பல்பு சீக்கிரமே போய்விடும். அச்சிட்ட மணிக்கணக்கைவிட உத்தரவாதக் காலத்தை நம்பி வாங்குவதும், ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பதும் மேல்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் உள்ள இடத்துக்கு, டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் தெளிவாகக் குறிப்பிட்ட பல்பையே வாங்க வேண்டும். மற்றவை மினுக்கும், விரைவில் கெட்டும் போகலாம்.