கேம்ப் ஃபயரில் எந்த ஆட்டம் எடுபடும்?

ஏலகிரியோ கொல்லிமலையோ, விடுதி முற்றத்தில் கேம்ப் ஃபயர் மூட்டியதும் போட்டிக்கு வருபவை பெரும்பாலும் நான்கு: கொலை கொலையா முந்திரிக்கா, டம் ஷராட்ஸ் (பேசாமல் நடித்துப் படப் பெயரைக் கண்டுபிடிக்க வைப்பது), பாட்டுக்குப் பாட்டு, மாஃபியா (ஊர்மக்களுக்குள் ஒளிந்திருக்கும் ‘கொலையாளிகளை’ப் பேசிப் பேசியே கண்டுபிடிப்பது).

முதலில் இடக் கணக்கு. முழங்கால் உயரத் தீயிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 12.5 மீட்டர். ஆளுக்கு 70 செ.மீ. என்றால் 17 பேர். புகை போகும் பக்கத்தைக் காலியாக விட்டால் 14 பேர்தான். 30 பேர் வந்தால் இரண்டு வரிசை தேவை. விளையாடாமல் தீயை மட்டும் கவனிக்க ஒருவர், அவர் பக்கத்தில் 2 வாளி தண்ணீர், 1 வாளி மணல். நைலான், பாலியெஸ்டர் துப்பட்டா தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தியோ கம்பளியோ போர்த்திக்கொள்ளட்டும்.

கொலை கொலையா முந்திரிக்கா இந்த இடத்துக்கு ஆகாது. ஓடுவது வட்டத்துக்கு வெளியேதானே என்பார்கள். இருட்டில் ஓடுபவர் தடுக்கி விழுந்தால், உட்கார்ந்திருப்பவரின் முதுகில் மோதி அவரைத் தீயை நோக்கித் தள்ளிவிடுவார். ஆசையாக இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே, தீ மூட்டுவதற்கு முன் ஆடி முடித்துவிடுங்கள்.

டம் ஷராட்ஸில் ஆபத்து குறைவு, சுவையும் குறைவு. வெளிச்சம் கீழிருந்து அலைவதால் நடிப்பவரின் முகமும் விரலும் சரியாகத் தெரியாது. எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு இடையில் சுடர் வேறு. எமர்ஜென்சி விளக்கைப் போட்டால் தெரியும். ஆனால் அதைக் கூடத்திலேயே ஆடியிருக்கலாமே!

கூட்டம் பெரிதென்றால் பாட்டுக்குப் பாட்டுதான். பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் பெயர்பெறச் செய்த ஆட்டம். பாட்டியும் பேரனும் ஒரே அணியில் இருக்கலாம், யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. பின்வரிசைக்கும் காது கேட்டால் போதும். ஓர் அணியின் பாட்டு முடியும் எழுத்தில் அடுத்த அணி தொடங்க வேண்டும் என்பதால் சண்டை வருவது எழுத்தில். ண, ள, ழ, ற, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்காது. பாட்டோ ‘கண்’, ‘நாள்’ என்றுதான் முடியும். ஆகவே ண, னவுக்கு ந, றவுக்கு ர, ள, ழவுக்கு ல என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். லவில் பாட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தை எடுக்கலாம். பத்து எண்ணுவதற்குள் பல்லவி வர வேண்டும்.

8 முதல் 14 பேர், எல்லோரும் பதின்வயதைத் தாண்டியவர்கள் என்றால் என் ஓட்டு மாஃபியாவுக்கு. 1986இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் உருவாக்கியது. நடத்துநர் போக 10 பேருக்கு 2 மாஃபியா, 1 டாக்டர் (இரவில் ஒருவரைக் காப்பாற்றுபவர்), 1 போலீஸ் (ஒருவர் மாஃபியாவா என்று நடத்துநரிடம் கேட்டறிபவர்), மீதி 6 பேர் ஊர்மக்கள். ‘இரவு’ என்றதும் எல்லோரும் கண்ணை மூட, மாஃபியா மட்டும் விழித்து ஒருவரைக் கைகாட்டும்; டாக்டர் காப்பாற்றாவிட்டால் அவர் ‘செத்தவர்’. ‘பகல்’ என்றதும் மாஃபியா யாரென்று எல்லோரும் வாதாடி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவார்கள். விறகு வெடிக்கும் சத்தத்தில் அசையும் ஓசை அமுங்கிவிடும். நிழலாடும் முகத்தில் பொய்யைக் கண்டுபிடிப்பதும் கடினம். டம் ஷராட்ஸைக் கெடுத்த அதே வெளிச்சம் இங்கே துணைக்கு வருகிறது. கண்ணை மூடியிருக்கும்போது யாரும் எழவோ விறகு போடவோ கூடாது என்பது மட்டும் கட்டாயம்.

இதன் பெரிய குறை, முதலில் ‘செத்தவர்’ அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. சலிப்பில் குச்சியை எடுத்துத் தீயைக் கிண்டத் தொடங்குவார். வெளியேறியவரை உடனே நடத்துநருக்குத் துணையாக்கி, ‘இரவில்’ யார் யாரைக் காட்டினார்கள் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எந்த ஆட்டமானாலும், முடிய அரை மணி இருக்கும்போதே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.