பனிக்காலத்தில் வெளியில் நிற்கும் மாடுகள்: தாங்கிய ஏற்பாடும் காலை வாரியதும்

பனி கொட்டும் மாதங்களில் மாட்டை வெளியிலேயே வைத்திருக்கலாமா? தாராளமாக வைக்கலாம். வெறும் குளிர் மாட்டை அவ்வளவாக வாட்டாது, ஈரமும் காற்றும்தான் வாட்டும். ரோமம் அடர்ந்து உலர்வாக இருக்கும் மாடு ஏறக்குறைய மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் தீனி இல்லாமலே தாங்கும். அதே ரோமம் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே நடுக்கத்துக்கு வழி பிறக்கும். முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடந்தால் பதற வேண்டாம். உடம்புச் சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தம்.

நாலு பக்கமும் அடைத்த கொட்டகையை எங்கள் அனுபவத்தில் பரிந்துரைக்க மாட்டோம். மூச்சு ஈரமும் மூத்திரத்தின் அமோனியாவும் உள்ளேயே தங்கி, நிமோனியாவில் கொண்டுபோய் விடும். பல குளிர்காலம் ஓடியும் குறை சொல்ல முடியாதது, காற்று வரும் பக்கம் நிறுத்தும் பலகைத் தடுப்பு. 3 மீட்டர் உயரம், 15 செ.மீ. பலகை, நடுவே 4 செ.மீ. இடைவெளி. அந்த இடைவெளியில்தான் சூட்சுமமே இருக்கிறது. முழுச்சுவர் கட்டினால் காற்று மேலே ஏறித் தாண்டி, பனியோடு மாட்டின் மேலேயே சுழன்று விழும். இடைவெளி விட்டால் வேகம் தணிந்து, சுமார் 25 மீட்டர் தூரம்வரை அடக்கமாக இருக்கும். தடுப்பை ஒட்டினாற்போல் பனி குவியும், அதனால் தீவனத்தை அங்கே வைக்கக் கூடாது. ஆணி நாளடைவில் கழன்றுவிடுகிறது, திருகாணியே போடுங்கள். கம்பங்களை மண் உறைவதற்கு முன்பே ஆழமாக நட்டுவிட வேண்டும்.

படுக்கைக்கு வைக்கோல். குளிர்காலம் முடியும்வரை அள்ள வேண்டாம், பழையதன் மேலேயே புதிதைப் பரப்பிக்கொண்டே வாருங்கள். அடியில் மக்கும் சூடு மேலே வரும். அதில் மண்டியிட்டுப் பாருங்கள்: எழுந்ததும் முழங்கால் நனைந்திருந்தால் வைக்கோல் போதவில்லை. ஈரத்தில் படுத்த மாட்டின் காம்பு உறைந்து வெடிக்கும், வலியில் கன்றை அண்ட விடாது, பால் தேங்கி மடிநோய் வரும். கன்று ஈனும் மாடு இருந்தால் இதில் கஞ்சத்தனமே கூடாது.

500 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 12 முதல் 13 கிலோ உலர்புல் வேண்டும். தாங்கும் அளவுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 சதவீதம் கூடுதல் சக்தி தேவை. மைனஸ் 18 என்றால் இன்னும் இரண்டரை கிலோ புல். குளிருகிறதே என்று தானியத்தைத் திடீரெனக் கூட்டினால் வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்துவிடும். புல் மெதுவாகச் செரிக்கும்போது வரும் சூடே மாட்டுக்குக் கணப்பு. அதனால் பெரும்பங்கைச் சாயங்காலம் போடுகிறோம், குளிர் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு அந்தச் சூடு உதவும். உருளையாகக் கட்டிய உலர்புல்லைச் சுற்றிய வலையை முழுக்க உரித்துவிடுங்கள். தின்ற வலை செரிக்காமல் வயிற்றிலேயே சேரும்.

மின்வேலி பனியில் ஏமாற்றும். உலர்பனி மின்சாரத்தை மண்ணுக்கு விடாது, மாட்டுக்கு அடி விழாது. ஒரு கம்பியில் மின்சாரம், அடுத்த கம்பியில் தரை இணைப்பு என்று மாற்றி மாற்றிக் கட்டினால் வேலை செய்யும்.

தண்ணீர் நாளுக்கு 30 முதல் 40 லிட்டர், பால் கொடுப்பதற்கு இன்னும் அதிகம். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். தண்ணீர் உறையாமலிருக்கத் தொட்டியில் மின்சாரச் சூடேற்றி வைத்திருந்தும், மாடு மோந்துவிட்டுக் குடிக்காமல் திரும்பினால் மின்கசிவைச் சோதியுங்கள். நமக்கு உறைக்காத சிறு கசிவும் ஈர மூக்கில் சுரீரென்று படும்.

அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். லேசாக வைத்ததுமே எலும்பு தட்டினால் அன்றைக்கே புல்லைக் கூட்ட வேண்டும்.