கேசரி மணக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வீடு பார்க்காதீர்கள்

வயதான பெற்றோருக்காக மூத்தோர் குடியிருப்பில் வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். சாப்பாடு எப்படி, ஆம்புலன்ஸ் உண்டா, குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்றெல்லாம் நாம் துருவித் துருவிக் கேட்கிறோம். அங்கே பொழுது எப்படிப் போகும் என்ற கேள்விக்கு மட்டும், வழவழப்பான தாளில் அச்சிட்ட நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் அடைந்தேன். அதற்கான விலையை என் அம்மா கொடுத்தார்.

அப்பா தபால் துறையில் போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அம்மா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பாட்டு ஆசிரியையாக இருந்தவர். நான் ஒரே பெண், பெங்களூரில் வேலை. மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் பழகியவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளிடம் போய்விட்டார்கள். எதிர்வீடு பூட்டிய பிறகு அம்மா என்னிடம் சொன்னது இதுதான்: "எனக்கு வசதி எதுவும் வேண்டாம் அம்மா. வாயைத் திறந்து பேச நாலு பேர் இருந்தால் போதும்."

அதற்காகவே கோவையைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன, வெயில் மயிலாடுதுறை அளவுக்கு இல்லை, எனக்கும் ஒரு பகல் ரயில் பயணம்தான். கோவையைச் சுற்றி இத்தகைய குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சில உண்மையிலேயே நன்றாக நடக்கின்றன. ஆகவே ஊரையோ, இந்த வாழ்க்கை முறையையோ நான் குறை சொல்லவில்லை. எங்களிடம் விற்றவர்கள் செய்ததைச் சொல்கிறேன்.

2022 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். கிளப் ஹவுஸ் கூடத்தில் வீணைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. நாற்பது ஐம்பது பெரியவர்கள் தாளம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையில் கேரம் ஆட்டம். கண்ணாடி அலமாரியில் வரிசை வரிசையாகப் புத்தகங்கள். எல்லோர் கையிலும் நெய் மணக்கும் கேசரி. அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. விற்பனைப் பிரதிநிதி அட்டவணையை நீட்டினார்: திங்கள் யோகா, செவ்வாய் இசை, புதன் தம்போலா, வியாழன் சத்சங்கம், வெள்ளி திரைப்படம், மாதம் ஒருமுறை பேரூர், மருதமலை, அவிநாசி என்று வேனில் கோவில் பயணம். "ஆண்டுக்கு 300 நிகழ்ச்சிகள், அம்மா. செவ்வாய்க்கிழமை வகுப்பை நீங்களே எடுக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வீடு விற்றது.

42 லட்சம் ரூபாய். அது தவிர, 'சமூக வாழ்வு நிதி' என்ற பெயரில் திரும்பத் தரப்படாத ஒன்றரை லட்சம். பராமரிப்புக் கட்டணம் இருவருக்கும் மாதம் 11,000, சாப்பாடு தனி. பத்திரப் பதிவு அன்று, சார்பதிவாளர் அலுவலக வாசலில், கார் பானெட்டின் மேல் வைத்து 26 பக்கச் சேவை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாம் ஆங்கிலம். டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா நாற்பது ஆண்டு அரசு அலுவலகத்தில் ஒரு தாளைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். அன்று போட்டார், நான் அவசரப்படுத்தியதால்.

2023 தைப் பொங்கல் முடிந்ததும் குடியேறினார்கள். முதல் ஐந்து மாதம் எல்லாம் சொன்னபடி நடந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஒரு நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் இருந்தார், சுறுசுறுப்பான இளம்பெண். வீட்டுக்கு வீடு போய்க் கதவைத் தட்டி அழைத்து வருவார். ஜூனில் கடைசி வீடும் விற்றது. ஜூலையில் அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். வேறு ஆள் வருகிறார் என்றார்கள். வரவே இல்லை.

அட்டவணை மட்டும் நின்றபாடில்லை. மாதம் பிறந்தால் அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டப்படும். யோகா ஆசிரியர் விடுப்பு, புரொஜெக்டர் பழுது, வேன் ஓட்டுநர் ஊருக்குப் போயிருக்கிறார், பத்துப் பேர் சேர்ந்தால்தான் வண்டி எடுப்போம், தலைக்கு 600 ரூபாய் தனி. நூலக அலமாரிக்குப் பூட்டு. சாவி மேலாளரிடம், மேலாளர் இருப்பதோ காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைக் காணோம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார்கள். அறுபது ரூபாய்ப் பொருள். பிறகு ஒரு ஐயா சட்டைப்பையிலிருந்து பாட்டில் மூடி ஒன்றை எடுத்து வைத்து ஆடியதை நானே பார்த்தேன்.

அந்த ஆண்டு விஜயதசமி அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. அம்மாவிடம் பாட்டுக் கற்க ஆறு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். மூத்தவருக்கு வயது 81. இளவயதில் பாட ஆசைப்பட்டு, வீட்டில் விடாததால் கைவிட்டவர். அம்மா இரண்டு நாளாகச் சுருதிப்பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார். பூ, வெற்றிலை பாக்கு, கற்கண்டு எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவை கட்டிக் காலை ஒன்பது மணிக்குக் கூடத்துக்குப் போனார். கூடத்து வாசலில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பேனர். உள்ளே எண்பது பேருக்கு விற்பனைப் பயிற்சி. கூடத்தை நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். காவலாளி, "உள்ளே போகக் கூடாதுங்க அம்மா, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாருங்க" என்றார். ஆறு பேரும் தட்டும் கையுமாகப் படியில் கொஞ்ச நேரம் நின்றார்கள். அந்த 81 வயது அம்மாள்தான் முதலில் திரும்பி நடந்தாராம்.

அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார், அதுவும் பத்து நாள் கழித்து. அதன் பிறகு அம்மா மாலையில் தலை வாரிக்கொள்வதை நிறுத்தினார். போனில், "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்ற ஒரே பதில். பள்ளியில் நானூறு பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் கேட்ட குரல், மெல்ல மெல்லத் தொண்டைக்குள் போய்விட்டது. முதியோர் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, மாத்திரை எழுதும் முன் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறீர்கள்?" என்பது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் பராமரிப்புக் கட்டணம் 14,500 ஆனது, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. குடியிருப்போர் சங்கமே தன் உறுப்பினர்களிடம் வசூலிக்கும் கட்டணம் மாதம் 7,500 ரூபாய் வரை இருந்தால் இந்த வரி இல்லை. தனியார் சேவை நிறுவனம் பில் போட்டால் அந்தச் சலுகை கிடையாது. நிறுவனம் சங்கம் அமைய விடாமல் இழுத்தடித்ததால், சங்கத்தின் வழியாக அந்தச் சலுகையைக் கேட்டுப் பார்க்கக்கூட எங்களுக்கு வழியில்லை.

2024 ஜனவரியில் பக்கத்து மனையில் இரண்டாம் கட்ட வீடுகள் விற்பனைக்கு வந்தன. திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடம் திறந்தது, கச்சேரி வந்தது, கேரம் பலகைக்குப் புது ஸ்டிரைக்கரும் வந்தது. அங்கிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கேசரி மணம் வந்தால் வீடு பார்க்க ஆள் வருகிறார்கள் என்று அர்த்தம். நாங்களும் போய் உட்காருவோம். என்ன செய்வது, அன்றைக்காவது நாலு பேரைப் பார்க்கலாமே." 2022இல் நான் பார்த்த அந்த நாற்பது ஐம்பது பேரும் அப்படி வந்து உட்கார்ந்தவர்கள்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

பிப்ரவரியில் அம்மாவிடம் வந்து, "வகுப்பு ஆரம்பிக்கப் போகிறோம், தம்புராவோடு ஒரு படம் வேண்டும்" என்றார்கள். அம்மா மறுபடி அந்தப் பட்டுப்புடவையை எடுத்தார். ஆறு பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் படம் எடுத்தார்கள். வகுப்பு நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இரண்டாம் கட்ட விளம்பரத் தாள் வந்தது. முதல் பக்கத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே, 'இங்கே ஒவ்வொரு நாளும் இசையோடு விடிகிறது' என்ற வரி. அதைப் பார்த்த அன்றுதான் வழக்குப் போடுவது என்று முடிவெடுத்தேன். என் அம்மாவின் முகத்தைக் காட்டி இன்னொரு வீட்டு அம்மாவை ஏமாற்ற நான் விட மாட்டேன்.

எங்களுக்குக் கைகொடுத்தது அப்பாவின் ஒரு பழைய பழக்கம். ஒருங்கிணைப்பாளர் போன பிறகு, 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி வந்தார். இடப்பக்கம் பலகையில் அறிவித்தது, வலப்பக்கம் நடந்தது, கடைசிக் கட்டத்தில் காரணம். 'பேரூர் பயணம் — இல்லை — ஓட்டுநர் இல்லை.' 'சத்சங்கம் — இல்லை — கூடம் வாடகைக்கு.' பதிவுத் தபால் பேரேடு போல ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. 2024 ஜூன் வரை பதினோரு மாதத்தில் அறிவித்தவை 238. நடந்தவை 41. அந்த 41இல் 23, வீடு பார்க்க ஆள் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தவை.

வழக்கறிஞர் அந்த 26 பக்கத்தை முதன்முறையாக எங்களுக்குப் படித்துச் சொன்னார். நிகழ்ச்சிகள் 'நிறுவனத்தின் விருப்பத்துக்கும் வசதிக்கும் உட்பட்டவை.' கிளப் ஹவுஸ் 'நிறுவனத்தின் சொத்து.' கிரயப் பத்திரத்திலோ வீடும் பிரிபடாத பாகமும் (நிலத்தில் எங்களுக்குள்ள பங்கு) மட்டும். ஆனால் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் எங்கள் பக்கம் பேசுகிறது. திட்டத்தில் அளிக்கப்படும் சமூக வசதிகள் எல்லாம் பொதுப்பகுதி என்கிறது பிரிவு 2(என்). பொதுப்பகுதியைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்கிறது பிரிவு 17. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது பிரிவு 12. ஆகவே அந்த விளம்பரத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். விற்பனைப் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் அழிக்காதீர்கள். எங்கள் மனுவோடு முதலில் போனது அவைதான். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு விசாரணையில் இருக்கிறது. சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ, மூத்த குடிமக்களுக்கான 14567இலோ கூப்பிட்டுக் கேளுங்கள்.

பணம் கட்டும் முன் என்ன செய்திருக்கலாம் என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கரை மணிக்குப் போயிருக்க வேண்டும். கூடம் திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். நூலகப் பதிவேட்டைப் புரட்டிக் கடைசியாகப் புத்தகம் எடுத்த தேதி எது என்று பார்த்தாலே பாதி தெரிந்திருக்கும். ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் அங்கிருப்பவர்களோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும். பல இடங்களில் வாடகை கொடுத்துச் சில நாள் தங்கிப் பார்க்கலாம். ஒரு வாரமாவது பெற்றோரைத் தங்க வையுங்கள், அந்த வாரத்தில் ஞாயிறு ஒன்றே ஒன்றுதான் வரும்.

நிகழ்ச்சி என்று வாயால் சொல்வதை ஒப்பந்தத்தின் இணைப்பாக எழுதி வாங்குங்கள்: மாதம் எத்தனை, கூடம் எத்தனை மணி நேரம் குடியிருப்போருக்கு, வெளியாருக்கு வாடகைக்கு விடலாமா, ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து. 2019இல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டுபவர், வாங்குபவர், சேவை நிறுவனம் மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் பற்றிப் பேசுகின்றன. அதைக் காட்டிக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது, நிகழ்ச்சிகளை நடத்துவது யார் என்பது. அப்பாவின் நண்பர் இருக்கும் குடியிருப்பில் குடியிருப்போர் குழுவே எல்லாவற்றையும் நடத்துகிறது, சாவியும் அவர்களிடம்தான். அங்கே விற்பனை முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் மார்கழி பஜனை ஒரு நாள் தவறவில்லை.

எங்கள் வளாகத்திலும் இப்போது சங்கம் பதிவாகிவிட்டது. கூடம் இன்னும் கைக்கு வரவில்லை. பி பிளாக்கின் கீழே கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கார்க்காரர்கள் மாலையில் வண்டியை வெளியே எடுத்து வைத்து இடம் விடுகிறார்கள். அந்த 81 வயது அம்மாள் (இப்போது 82) தன் வீட்டு ஜமக்காளத்தைக் கொண்டுவந்து விரிக்கிறார். அப்பா இரண்டாவது நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறார், அதே கோடு, அதே கட்டங்கள். நேற்று இரவு போனில் கடைசி வரியைப் படித்துக் காட்டினார்: 'செவ்வாய், மாலை 5 மணி. பாட்டு வகுப்பு. நடந்தது. 9 பேர்.'