சம்ப் சண்டைக்கு ஒருநாள் ஒர்க்‌ஷாப்: குடுத்த துட்டுக்கு வொர்த்தா?

வியாசர்பாடில எங்க பிளாட்ஸ்ல 24 வீடு. மழ வந்தா சம்ப்ல, அதான் தரைக்கு அடில இருக்கற தண்ணித் தொட்டில, சாக்கடத் தண்ணி எறங்கிடும், அத யாரு சரி பண்றது, எவ்ளோ போடறதுன்னு மூணு வருஷமா ஒரே பேஜாரு. மீட்டிங் போட்டா செகரெட்டரி அண்ணன் ஒரு மணி நேரம் பேசுவாரு, கீழ் வீட்டு அக்கா எழுந்து கத்துவாங்க, டீ குடிச்சிட்டு கலைஞ்சிடுவோம். அதான் இந்த மாதிரி இழுபறிய எல்லாம் உக்கார வெச்சு பிரிச்சுக் காட்டுற ஆளு ஒருத்தர 6,000 ரூபா பேசி கூட்டிட்டு வந்தோம்.

காலைல ஆளுக்கொரு பேப்பர். பத்து நிமிஷம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது, உன் பிரச்னைய எழுது, அப்புறம் சுத்தி வந்து ஆளுக்கு ஒண்ணா படி, குறுக்க பேசாத, கடைசில மார்க் போடு. டெல்பெக், வான் டி வென்னு ரெண்டு பேரு 1971-ல எழுதின முறை. ஸ்கூல் பசங்க வெளாட்டு மாதிரி இருந்துச்சு, ஆனா செகரெட்டரி அண்ணன் பத்து நிமிஷம் சும்மா உக்காந்தாரு பாருங்க, அதுக்கே பாதி காசு சரியாப் போச்சு.

அடுத்து படம் வரையறது. இங்கிலாந்துல லங்காஸ்டர் யுனிவர்சிட்டி பீட்டர் செக்லாண்ட் கொண்டு வந்த முறைல இது ஒரு பாகம், பிரச்னைய எழுதாம சார்ட்ல கிறுக்கணும், யாரு யார் மேல காண்டா இருக்காங்கன்னு கூட. கீழ் வீட்டு அக்கா சம்ப வரைஞ்சாங்க, பக்கத்துல ரோட வரைஞ்சாங்க, ரோடு சம்ப் மூடிக்கு மேல ஒரு ஜாண் ஒசரத்துல நிக்குது! ரோடு மேல ரோடு போட்டு போட்டு சம்ப் வாயி பள்ளத்துல போயிருக்கு. மாடி வீட்டுக்காரங்க நாங்க இத்தன நாளு கீழ் வீட்டுக்காரங்கதான் குப்பைய போட்டு அடைச்சிட்டாங்கன்னு திட்டிட்டு இருந்தோம், எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

மதியம்தான் சொதப்பல். அதே செக்லாண்ட் முறைல கேட்வோன்னு ஆறு கேள்வி, ஒரு வேல யாருக்காக, யாரு செய்யறாங்கன்னு பிரிச்சுப் பாக்கறதுக்கு, ஷீட்டு முழுக்க இங்கிலீஷு. அதுல 'ஓனர்'னா அந்த வேலைய நிறுத்துற பவர் யார் கைல இருக்குன்னு அர்த்தமாம், எங்க ஆளுங்க வீட்டு ஓனர்னு எடுத்துக்கிட்டு வாடகைக்கு இருக்கறவங்க காசு போடணுமா வேணாமான்னு முக்கா மணி நேரம் சண்ட. அவரு தமிழ்ல ஒரு வரி சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்.

கடைசில ஃபீட்பேக் ஃபார்ம், பிரியாணி சாப்ட்ட கையோட எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டாங்க. அத வெச்சு இந்த முறை வேல செய்யுதுன்னு சொல்றது டூ மச். அன்னிக்கு தலையாட்டினவங்க அப்புறம் பேச்சு மாத்துனாங்களா இல்லியான்னுதான் பாக்கணும். ரெண்டு மாசம் ஆச்சு, 19 வீடு காசு குடுத்துட்டாங்க, சம்ப் வாய சுத்தி ரெண்டு வரி செங்கல் கட்டி மூடிய ஏத்தியாச்சு, போன வாரம் பெஞ்ச மழைக்கு தண்ணி எறங்கல. வாடகை வீட்டு மேட்டர் அப்படியே தொங்குது.

ஒரு கொத்தனார கூப்ட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லிருப்பாருன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்றாரு. சொல்லிருப்பாருதான், யாரு கேட்டிருப்பாங்க? கீழ் வீட்டு அக்காவும் இதத்தான் ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்தாங்களாம்.

இப்ப பார்க்கிங்குக்கு திரும்ப கூப்டலாம்னு பேச்சு. மதியம் வேணாம், காலைல மட்டும் வந்தா பாதி ரேட்டான்னு மெசேஜ் போட்டிருக்கேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.